ஒற்றைப்படைக்குச் சிவப்பு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, சமையலறைத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்துப்போட்டு, ஊசியக்கா வெங்காயத்துக்கு வேர் நறுக்கிக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாக மாடிப்படி முகப்பில், வெயில் படாமல் காற்று மட்டும் படுகிற இடத்தில் பரப்பிக் காயவைத்த வெங்காயம். கழுத்து வற்றி, தாள் சருகாகி, கையில் எடுத்தால் சரசரக்கிற பதம். வேரை ஒட்ட நறுக்கினால் அடி அழுகிவிடும்; அப்படியே விட்டால் ஈரம் இழுக்கும். அரை நகக்கண் அளவு விட்டு நறுக்க வேண்டும். அதற்குச் சமையல் கத்தி சரிப்படாது, கட்டுத்துணி வெட்டுகிற முனை மழுங்கிய கத்தரிக்கோல்தான் தோது என்பது அவள் கட்சி. அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பிடி தளர்ந்து கழித்துப்போட்ட ஒன்று இதற்கென்றே வீட்டில் இருந்தது.

நறுக்கியதை இரண்டு தட்டில் பிரித்துப் போட்டுக்கொண்டே வந்தாள். வலப்பக்கத் தட்டில் வெள்ளை வெங்காயம். இடப்பக்கத் தட்டில் விழுந்தவையும் வெள்ளையாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவற்றில் சில ரோஜா நிறம், சில செம்பு நிறம், நாலைந்து கத்தரிக்காய் நிறத்துக்கே போயிருந்தன. முதல் அரைமணி நேரம் அவள் எண்ணவில்லை. எண்ணாமல் இருப்பதே ஒரு வேலையாக இருந்தது. இருபத்தொன்பது வருஷமாக எதைத் தொட்டாலும் எண்ணிப் பழகிய கை.

அவளை ஊசியக்கா என்றுதான் தெருவில் சொல்வார்கள். வெறும்வயிற்று ரத்தம் கொடுக்கக் காலை ஆறு மணிக்கே ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்பதால் ஐந்தே முக்காலுக்கு வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவாள். குத்துவதே தெரியாமல் குத்துவாள் என்று பெயர். சாப்பிட அடம்பிடிக்கிற பிள்ளைகளை "ஊசியக்காவக் கூப்பிடவா?" என்று மிரட்டுகிற வீடுகள் தெருவில் இரண்டு மூன்று உண்டு. அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. வேலையில் இரண்டு விஷயத்தில் மட்டும் கறார். ரத்தம் கொடுத்தவர் நாற்காலியை விட்டு எழுமுன் குழாயில் பெயர்ச்சீட்டு ஒட்டியாக வேண்டும். அடுத்தது, முடிவை அவள் வாயால் சொல்லமாட்டாள். எண் கண்ணெதிரே இருக்கும். அது நல்ல எண் இல்லை என்று அவளுக்குத் தெரியும். எதிரில் நிற்கிறவர் தாளைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "டாக்டர் சொல்லுவாருங்க" என்று உறையை ஒட்டிக் கொடுத்துவிடுவாள். முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. அதுவும் ஒரு பயிற்சிதான்.

கீழே தெருவில் அவள் கணவர் பள்ளிக்கூட வேனைக் கழுவிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. வாளி, துணி, நடுநடுவே சீட்டி. பதினாறு வருஷமாக ஒரே வேன், ஒரே முதலாளி. ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் ஒரு தினுசாக ஹாரன் அடிப்பார். பிள்ளைகள் சத்தத்தை வைத்தே தம் முறை வந்துவிட்டது என்று செருப்பு மாட்டும். அதனால் அவர் ஹாரன் மாமா. இப்போது வேனில் வருவது பதினாலு பிள்ளைகள். கடைசியாக ஏறி முதல் இருக்கையில் உட்காருகிறவள் எதிர்வீட்டுத் தையல்காரியின் மகள். ஆறு வயது, முன்பல் இரண்டும் விழுந்தவள். அவளுக்கு ஓட்டைப்பல் என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

வெங்காயத்தை விதையிலிருந்து வளர்க்கிற கிறுக்கு ஊசியக்காவுக்குப் பதினோரு வருஷம் முன்பு பிடித்தது. வாராவாரம் ரத்தம் கொடுக்க வந்த ஒருவர், மருந்துச் சீட்டில் மடித்து ஒரு சிட்டிகை கறுப்பு விதை கொடுத்தார். எள் மாதிரி, ஆனால் மூலை மூலையாக. "வெள்ளை வெங்காயம்மா, எங்க வீட்டுலயே ரொம்ப வருஷமா எடுக்குற விதை. கடையில கிடைக்காது. போட்டுப் பாருங்க." அவள் மரியாதைக்கு வாங்கினாள், மரியாதைக்குப் போட்டாள். ஒன்பதாம் நாள் நூல் ஒன்று மடங்கி, கொக்கி மாதிரி மண்ணைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது. அதன் நுனியில் விதையின் தோல் தொப்பி மாதிரி ஒட்டியிருந்தது. அன்றைக்கு அவள் வேலைக்குப் பத்து நிமிஷம் தாமதமாகப் போனாள். இருபத்தொன்பது வருஷத்தில் அப்படித் தாமதமாகப் போனது மூன்று முறை. மற்ற இரண்டும் மகள் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனபோதும் மகளுக்கு அம்மை போட்டபோதும்.

இப்போது மாடியில் நாலு ரகம். வெள்ளை ஒன்று, அழுத்திவைத்த மாதிரி தட்டையாக இருக்கும் அடர்சிவப்பு ஒன்று, தேன் நிறத்தில் உருண்டை ஒன்று, குப்பி போல நீண்ட இளஞ்சிவப்பு ஒன்று. பெயர் தெரியாதவற்றுக்கு அவளே பெயர் வைத்தாள். ஒவ்வொரு தொட்டியிலும் பெயர்ச்சீட்டு, விதைத்த தேதி, யார் கொடுத்தது என்ற விவரம்.

"என்ன ஹாரன் மாமா, வெங்காயம் எப்படி இருக்கு?" என்று தெருவில் யாராவது கேட்டால், "எந்த வெங்காயத்தக் கேக்குறீங்க? மாடியில இருக்கிறதா, உங்க முன்னால நிக்கிறதா?" என்பார் அவர். குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் விதைக்கிழங்குகள் எட்டு வாரம் குளிரில் கிடக்கும். பூப்பதற்கு அந்தக் குளிர் வேண்டும். அந்த எட்டு வாரமும் பாலில் வெங்காய வாடை அடிக்கிறது என்று குறைசொல்வார். ஆனால் கொசுவலைக் கூண்டுகளுக்குச் சட்டம் அடித்துக் கொடுத்தது அவர்தான். கீல் வைத்து, கொக்கி வைத்து, ஒரு கையால் திறக்கிற மாதிரி.

அந்தக் கூண்டுகள் எதற்கு என்பதைச் சொல்லிவிட வேண்டும். வெங்காயம் முதல் வருஷம் கிழங்கு வைக்கும். அதை எடுத்துவைத்து மறுபடி நட்டால் அடுத்த வருஷம் தண்டு விட்டு, உச்சியில் பந்து மாதிரி பூக்கும். தேனீக்கு எல்லாப் பூவும் ஒன்றுதான். சிவப்பில் உட்கார்ந்த காலோடு வந்து வெள்ளையில் உட்காரும். விதை கலந்துவிடும். ஒரே சமயத்தில் இரண்டு ரகம் பூத்தால் ஒரு வழி உண்டு. இரண்டின்மேலும் கூண்டு, ஒரு நாள் இதைத் திறந்து அதை மூட வேண்டும், மறுநாள் அதைத் திறந்து இதை மூட வேண்டும். தேனீ கிளம்புமுன் காலையில் மாற்றிவிட வேண்டும். ஊசியக்கா வைத்த சட்டம் எளிமையானது. ஒற்றைப்படைத் தேதிக்குச் சிவப்பு, இரட்டைப்படைத் தேதிக்கு வெள்ளை.

போன வருஷம் பிப்ரவரியில் சிவப்பும் வெள்ளையும் மொட்டு விட்ட சமயம் பார்த்து அவள் பரிசோதனைக் கூடத்தின் ஈரத்தரையில் வழுக்கி விழுந்தாள். முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியது. உட்கார்ந்து ரத்தம் எடுக்கலாம், ஆறு வாரத்துக்கு மாடி ஏறக்கூடாது என்றார் டாக்டர். மாடிக்குப் போவது செங்குத்தான இரும்புப்படி.

"நான் பாத்துக்கிறேன். பதினாலு பிள்ளைங்கள வீடுவீடா மாத்தாம கொண்டுபோய் விடுறவனுக்கு ரெண்டு கூண்டு ஒரு கஷ்டமா?" என்றார் அவர்.

"மாத்தினதும் காலண்டர்ல குறி போட்டுடுங்க. சிவப்புக்குச் சிவப்புப் பேனா, வெள்ளைக்கு நீலம்."

"சரிங்க மேடம். கையெழுத்தும் போடணுமா?"

தினமும் சாயங்காலம் வந்ததும் அவள் கதவுக்குப் பின்னால் தொங்கும் மாதக் காலண்டரைப் பார்ப்பாள். ஒன்றுவிட்டு ஒன்று, சிவப்பும் நீலமும், அச்சடித்த மாதிரி. "மாத்தியாச்சா?" என்று கேட்பாள். "மாத்தியாச்சு, மகாராணி" என்பார். மார்ச் கடைசியில் முட்டி சரியாகி அவள் மேலே ஏறியபோது பூவெல்லாம் உதிர்ந்து காய் பிடித்திருந்தது. கூண்டுகளைக் கழற்றி மடித்துப் பரணில் போட்டார்கள். ஏப்ரலில் விதை எடுத்தாள். மே மாதம், அவளைப்போலவே கிறுக்குப் பிடித்து வெவ்வேறு ஊரில் வெங்காயம் வளர்க்கிற ஆறு பேருக்கு வெள்ளை விதையை உறையில் போட்டு அனுப்பினாள். உறையின்மேல் தன் கையாலேயே எழுதினாள்: கூண்டில் எடுத்தது, கலப்பில்லை.

செப்டம்பரில் அவளும் அதையே விதைத்தாள். அக்டோபரில் நாற்று விரல் உயரம் வந்து, நுனியைக் கத்தரித்துவிடுகிறபோது, சில நாற்றுக்கு அடியில், மண்ணை ஒட்டி, ஒரு இளஞ்சிவப்புப் பட்டி தெரிந்தது. குட்டிப் பிள்ளையின் சட்டைக் கழுத்தில் வைத்த கரை மாதிரி. குளிருக்கு அப்படி ஆகும் என்று சொல்லிக்கொண்டாள். தனக்கேதான். அந்த அக்டோபரில் குளிர் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு சில சில விஷயங்கள். வீட்டுச் சாவியைத் தேடித் தேடி, கடைசியில் குளிர்பெட்டியில் வெங்காயத்துக்கு நடுவே எடுத்தது. ஏழு வருஷம் முன்பு இடம் மாறிவிட்ட பள்ளிக்கூடத்தின் பழைய கட்டடத்து வாசலில் ஒருநாள் வேனைக் கொண்டுபோய் நிறுத்தியது. "பிள்ளைங்களுக்குச் சரித்திரப் பாடம் நடத்தினேன்" என்று அதையும் அவர் சிரிப்பாக்கிவிட்டார். வேறு ஊரில் வேலையாக இருக்கும் மகளிடம் போனில் சொன்னபோது, "அப்பா என்னிக்கும்மா ஒழுங்கா இருந்தாரு? என் பிறந்தநாளே இப்ப வரைக்கும் தெரியாது அவருக்கு" என்று சிரித்தாள். ஊசியக்காவும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்கு இரண்டு வாரம் தாங்கியது.

ஜனவரியில் ஒருநாள் காலையில், "சும்மா வருஷத்துக்கு ஒருதடவை பாக்குறதுதான், கைய நீட்டுங்க" என்று அவருக்கு ரத்தம் எடுத்தாள். தைராய்டு, வைட்டமின், உப்பு, சர்க்கரை. இதில் எதில் குறை இருந்தாலும் மறதி வரும். மாத்திரை போட்டால் சரியாகும். குழாயில் சீட்டு ஒட்டும்போது எதிலாவது குறை இருக்க வேண்டுமே என்று இருந்தது அவளுக்கு. மறுநாள் திரையில் வரிவரியாக எல்லாம் சரியாக இருந்தது. நார்மல் என்ற சொல்லை நம்பாமல் அவள் மேலிருந்து கீழே இரண்டு முறை படித்தது அன்றைக்குத்தான்.

அவரிடம், "எல்லாம் நல்லா இருக்கு" என்றாள்.

"நான்தான் சொன்னேனே, இரும்பு உடம்பு."

மூன்று வாரம் முன்பு நடந்ததைத் தையல்காரி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "அக்கா, ஹாரன் மாமாவுக்கு என்ன ஆச்சு? காலையில எங்க வாசல்ல வந்து பாப்பாவ ஏத்திக்கிட்டுப் போனாரு. அஞ்சு நிமிஷத்துல திரும்பி வந்து மறுபடி ஹாரன் அடிக்கிறாரு. வெளிய வந்து பாக்குறேன், பாப்பா முன்சீட்டுல உக்காந்து எனக்கே டாட்டா காட்டுது! ‘இன்னொரு ஓட்டைப்பல் இருந்தா அதையும் அனுப்புங்க, ஒரு சீட்டு காலியா இருக்கு’ன்னு சமாளிக்கிறாரு மனுஷன்."

ஊசியக்கா, "அவருக்கு எப்பவும் விளையாட்டுத்தான்" என்றாள். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை.

இதெல்லாம் தனித்தனியாக இருந்தவரை சமாளிக்க முடிந்தது. நேற்று சாயங்காலம் வந்த போன்தான் எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டியது. அவள் விதை அனுப்பிய ஆறு பேரில் ஒருவர், ஓய்வுபெற்ற நில அளவைக்காரர். நல்ல மனுஷர், திட்டுவதைக்கூட அளந்துதான் திட்டுவார்.

"அம்மா, உங்க வெள்ளை வெக்கப்படுதே! நூறு கிழங்கு பிடுங்கினேன், நாப்பது சிவந்து நிக்குது. ஒண்ணு ரெண்டு இருந்தா எங்கயோ ஒரு தேனீ உள்ள புகுந்திடுச்சுன்னு விட்டுடலாம். நாப்பதுன்னா கூண்டு பாதி நாள் திறந்தே கிடந்திருக்கு. நீங்க அப்படி விடுற ஆள் இல்லையே, அதான் கேட்டேன்."

"முட்டியில அடிபட்டிருந்துச்சு சார். வீட்டுல அவர்தான் பாத்துக்கிட்டாரு."

"அப்ப அவர் மறந்திருப்பாரு. ஆம்பளைங்கதானே. நானே வாரத்துல ரெண்டு நாள் என் கண்ணாடிய தலைமேல வெச்சுக்கிட்டுத் தேடுவேன்" என்று சிரித்துவிட்டு வைத்தார்.

இப்போது தரையில் கடைசி வெங்காயத்தையும் நறுக்கிப் போட்டாயிற்று. இனி எண்ணாமல் இருக்க முடியாது. வலத்தட்டில் அறுபத்தொன்பது. இடத்தட்டில் நாற்பத்தொன்று. சிவப்புப் பாத்தியில் பிடுங்கியது தனியாகக் கூடையில் இருந்தது. அதைப் பார்த்து ஒன்றும் தெரியாது. சிவப்பில் வெள்ளை கலந்தாலும் சிவப்பாகவேதான் நிற்கும். வெள்ளையால்தான் மறைக்க முடியவில்லை.

அவள் எழுந்து போய் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து போன வருஷத்துக் காலண்டரை எடுத்தாள். எதையும் தூக்கிப்போடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. பிப்ரவரியைப் பார்த்தாள், மார்ச்சைப் பார்த்தாள். ஒரு நாள்கூட விடுபடவில்லை. சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம். இரண்டு கூண்டையும் திறந்தபடியே விட்டுவிட்டுக் குறி மட்டும் போட்டிருக்கிறார். சோம்பேறித்தனம். காலையில் படியேற அலுத்துக்கொண்டு, அவளிடம் ஏச்சு வாங்கக்கூடாது என்று, மொத்தமாக உட்கார்ந்து கோடு கிழித்திருக்கிறார். அப்படித்தான் இருக்க வேண்டும். நெஞ்சு லேசாகிற மாதிரி இருந்தது. முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டது இதுதான் முதல் தடவை. நன்றாக நாலு வார்த்தை திட்டலாம். திட்டிவிட்டுச் சோறு போடலாம்.

காலண்டரை மூடப்போனவள், மூடுகிற வாக்கில் அடுத்த தாளைத் திருப்பிவிட்டாள்.

ஏப்ரல். சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம்.

ஏப்ரலில் கூண்டே இல்லை. பூவும் இல்லை. அவளே மாடியேறி விதை எடுத்துக்கொண்டிருந்த மாதம் அது. கூண்டுகளை மடித்துப் பரணில் ஏற்றியது அவர்தான், ஸ்டூல்மேல் நின்று. அடுத்த தாளைத் திருப்பினாள். மே. ஒன்றுவிட்டு ஒன்று. ஜூன். பதினேழாம் தேதி ஒரு சிவப்புக் குறி. அதற்கு மேல் வெறும் தாள்.

காலண்டரோடு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். பொய் சொல்கிற ஆள் வேலை முடிந்த அன்றைக்கே பேனாவை மூடியிருப்பார். கதவுக்குப் பின்னால் தொங்கியதை மார்ச்சுக்குப் பிறகு அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் மட்டும் தினமும் அவள் போன பிறகு கதவுக்குப் பின்னால் நின்று, தேதி ஒற்றையா இரட்டையா என்று பார்த்து, பேனாவைத் தேர்ந்தெடுத்து, குறி போட்டு, போட்டதால் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு, இறங்கிப்போய் வேனை எடுத்திருக்கிறார்.

"என்ன மகாராணி, கடை பரப்பியாச்சா?"

வாளியைக் குளியலறையில் வைத்துவிட்டு, ஈரக்கையை முழங்கால் பக்கம் துடைத்துக்கொண்டே வந்தார். இடத்தட்டைப் பார்த்தார். "அட, இது என்ன புது ரகமா? நல்லா இருக்கே கலரு. இதுக்கு என்ன பேரு வெச்சிருக்கே?"

"இது வெள்ளை."

"கண்ணுல ஏதாச்சும் கோளாறா உனக்கு?"

"போன வருஷம் கூண்டு மாத்தினீங்களே, அந்த விதை. கலந்துபோச்சு. நூத்திப் பத்துல நாப்பத்தொண்ணு."

"நான் தினமும் மாத்தினேன்."

"மாத்துனீங்களா?"

"காலண்டர்ல இருக்குமே, பாரு. தினமும் போட்டேன். நீ பாட்டுக்கு ஏதோ தேனீ பண்ணுனதுக்கு..."

அவள் காலண்டரை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் நின்றபடியே குனிந்து பார்த்து, மார்ச் தாளை விரலால் தட்டினார். "இதோ. ஒரு நாள் விட்டிருக்கேனா சொல்லு. உங்க லேப்ல இவ்வளவு சுத்தமா யாராவது எழுதுவாங்களா?"

"அடுத்ததத் திருப்புங்க."

திருப்பினார். முகம் மாறவில்லை. "சரி, இதுவும் இருக்கு. அப்புறம் என்ன?"

"கூண்ட எப்பக் கழட்டுனோம்?"

"அது... முட்டி சரியானதும். நீதான் மேல வந்து..." நிறுத்தினார். விரல் ஏப்ரல் எட்டில் நின்றது. அது அங்கிருந்து மே மாதத்துக்குப் போயிற்று, மெதுவாக ஜூனுக்குப் போயிற்று. கீழே தெருவில் ஓட்டைப்பல் கயிறு ஆடிக்கொண்டிருந்தாள். தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு என்று கத்திக்கொண்டே வந்தவள் எங்கோ தட்டி மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சட்டையில் இன்னும் சோப்பு நுரை ஒட்டியிருந்தது.

"இதெல்லாம் நான் போட்டதுதானா?"

கேட்டவர் தாளைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தொன்பது வருஷமாக அவளுக்குத் தெரிந்த பார்வை. டாக்டர் சொல்லுவாருங்க என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"நீங்க போட்டதுதான்" என்றாள். "நாளைக்கு வேன் எடுக்க வேண்டாம்."

"கொசுவலைக்கும் வேனுக்கும் என்ன சம்பந்தம்? வெங்காயம் கலந்துபோச்சுன்னா விதை வேற வாங்கிக்கலாம். அதுக்குப்போய்..."

"பதினாலு பிள்ளைங்க."

"ஒரு கீறல் விழுந்திருக்கா? பதினாறு வருஷத்துல ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல்? அந்த ரோடு என் கைக்குத் தெரியும். நான் தூங்கினாக்கூட என் கை ஓட்டும்."

"அன்னிக்கு ஓட்டைப்பல்ல ஏத்திட்டு மறுபடி அவ வாசலுக்கே போனீங்களே."

"அது விளையாட்டுக்கு."

அவள் கத்தரிக்கோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"விளையாட்டுக்குத்தான்" என்றார் மறுபடியும். இந்த முறை சொன்னது அவளிடம் இல்லை. "அவ பக்கத்துலதான் உக்காந்திருந்தா. நான் பாக்கல. சத்தம் போடாம உக்காந்திருந்தா, அதான்... ஹாரன் அடிச்சப்புறம், ‘மாமா, நான் இங்க இருக்கேன்’னு என் கையத் தொட்டுச் சொன்னா."

இது தையல்காரி சொல்லாதது. அவர் இதை இவ்வளவு நாளும் தனியாக வைத்திருந்திருக்கிறார்.

"ஓனர்கிட்ட நான் பேசுறேன்" என்றாள். "காலையில வேற டிரைவர் வரச் சொல்லலாம். செவ்வாக்கிழமை நான் லீவு போடுறேன், டாக்டரப் போய்ப் பாப்போம். எங்க லேபுக்கு வர்ற டாக்டர் இல்ல, இதுக்குன்னே இருக்காரு ஒருத்தரு."

"இதுக்குன்னேன்னா எதுக்கு?"

அவள் தரையில் சிந்திய சருகுகளை உள்ளங்கையால் கூட்டி ஒரு பக்கம் சேர்த்தாள். இடத்தட்டிலிருந்து ஒரு ரோஜா நிற வெங்காயம் உருண்டு செய்தித்தாளுக்கு வெளியே போயிற்று. அவர் குனிந்து அதை எடுத்து, வேர்ப்பக்கம் திருப்பிப் பார்த்து, தட்டில் மற்றவற்றோடு வைத்தார். வலத்தட்டில் வைக்கவில்லை, சரியான தட்டில்தான் வைத்தார். அதை அவள் கவனித்தாள். கவனித்ததை அவரும் கவனித்தார்.

"இனிமே இப்படித்தான் பாப்பியா?" என்றார்.

கால்சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். வீட்டுச் சாவி, பூட்டுச் சாவி, பரண் அலமாரியின் சாவி. வேன் சாவி மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தது. வளையத்தின் வாயை நகத்தால் நெம்பி அதை உருவ முயன்றார். நகம் வழுக்கியது. அவள் கத்தரிக்கோலை நீட்டினாள். அதன் மழுங்கிய முனையை வளையத்துக்குள் கொடுத்துச் சாவியை உருவி எடுத்து, காலண்டர்மேல், ஜூன் பதினேழுக்குக் கீழே வெறும் கட்டங்களாக இருந்த இடத்தில் வைத்தார்.

தெருவில் எண்ணிக்கை முப்பதைத் தாண்டியிருந்தது.

"ஜனவரியில என் கையப் பிடிச்சு ரத்தம் எடுத்தியே" என்றார். "நாலு குழாய். வருஷத்துக்கு ஒருதடவை பாக்குறதுன்னு சொன்னே. இதுக்கு முன்னால எந்த வருஷம் எடுத்தே?"

அவள் கைகள் சருகைக் கூட்டுவதை நிறுத்தின.

"அதுக்கப்புறம் ரெண்டு மாசமா தினமும் ஏழு மணிக்கு நான் வண்டி எடுத்தேன். தினமும். நீ போறப்ப ‘பாத்துப் போங்க’ன்னு சொல்லிட்டுப் போவே. நானும் பாத்துத்தான் போனேன்." குரல் உயரவே இல்லை. "உனக்கு எப்பத் தெரியும்?"

நாற்றின் அடியில் பார்த்த இளஞ்சிவப்புப் பட்டி அவள் கண்ணெதிரே நின்றது. அக்டோபர் பன்னிரண்டு. அதைத் தேதி போட்டு நோட்டில் எழுதியும் வைத்திருந்தாள்: குளிர் காரணமாக இருக்கலாம். நோட்டு அலமாரியில், காலண்டர் இருந்த அதே தட்டில், கை எட்டுகிற தூரத்தில் இருந்தது.

அவர் காத்திருந்தார். நாற்காலியின் இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு, முடிவுத்தாள் வரும் என்று கூடத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களைப்போலவே, முதுகு சாயாமல் காத்திருந்தார். அவள் வாயைத் திறந்தாள். வெங்காய வாடைதான் உள்ளே போயிற்று.

அவர் எழுந்தார். சட்டையில் காய்ந்துபோயிருந்த சோப்பு நுரையைத் தட்டிவிட்டு, இரண்டு தட்டுக்கும் நடுவே, ஒன்றையும் மிதிக்காமல் கால் எடுத்து வைத்து, சமையலறையை விட்டு வெளியே போனார்.